நேரத்துக்கு இரண்டு விடை வருகிறது, எதை எடுப்பது?

மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் ஒரு கார் போகிறது. பிரேக் பிடித்ததும் வினாடிக்கு 4 மீ/வி வீதம் வேகம் சீராகக் குறைகிறது. பிரேக் பிடித்த இடத்திலிருந்து 32 மீட்டர் கடக்க எத்தனை வினாடி ஆகும்? நேற்று மாலையிலிருந்து இந்தக் கணக்கிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

72-ஐ 3.6-ஆல் வகுத்து 20 மீ/வி என்று மாற்றிவிட்டேன். முடுக்கம் −4 மீ/வி². தொலைவுச் சமன்பாட்டில் போட்டால்,

32 = 20 × நேரம் − 2 × நேரம்²

தீர்த்தால் 2 வினாடி, 8 வினாடி என்று இரண்டு விடை! திருப்பிப் போட்டும் பார்த்தேன். 2 போட்டால் 40 − 8, சரி, 32. 8 போட்டால் 160 − 128, அதுவும் 32.

அப்புறம் வேகத்தைக் கணக்கிட்டேன். 2-வது வினாடி முடிவில் 12 மீ/வி, 8-வது வினாடி முடிவில் −12. ஆனால் கார் 5 வினாடியில், 50 மீட்டரிலேயே நின்றுவிடுகிறதே. விடைப் பக்கத்தில் 2 மட்டும் இருக்கிறது, விளக்கம் இல்லை. இதற்கு முந்தைய கணக்கில், மேலே எறிந்த பந்துக்கு இரண்டு நேரமும் சரி என்று போட்டிருக்கிறார்கள். அங்கேதான் குழம்பிப்போனேன்.

நாளை மறுநாள் தேர்வு. இப்படி இரண்டு நேரம் வந்தால், இரண்டையும் வைத்துக்கொள்வதா ஒன்றைத் தள்ளுவதா என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?