ஒன்பது பாடமும் சித்தி, ஆனாலும் சான்றிதழ்க் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள்

காலிவீதி:
படையில் அதிகாரி கடேற் (பயிற்சி அதிகாரி) நேர்முகத்துக்குப் போன பக்கத்து வீட்டுப் பொடியனின் விஷயம் இன்னும் மனசை அரிக்குது. ஓ.எல்.லில் (சாதாரண தரப் பரீட்சையில்) கணிதம் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. அடுத்த வருடம் கணிதம் மட்டும் எழுதி சி. ஏ.எல். (உயர்தர) வர்த்தகத்தில் இரண்டு பி, ஒரு சி. மேசையில் இருந்தவர் இரண்டு ஓ.எல். சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பரீட்சைச் சுட்டெண்ணிலும் பேனாவால் ஒவ்வொரு தட்டுத் தட்டினார். கோப்பை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். வர்த்தமானி அறிவித்தலில் இருந்தது ‘ஒரே அமர்வில்’, அதாவது எல்லாப் பாடமும் ஒரே தடவை எழுதிய பரீட்சையில் சித்தியாக வேணும். ஏ.எல். வகுப்பில் சேர இரண்டு அமர்வையும் கூட்டிப் பார்ப்பார்கள், அந்தப் பழக்கத்தில் வீட்டில் யாருமே இதைக் கவனிக்கவில்லை. திரும்ப எழுதுவதென்றால் விழுந்த பாடத்தை மட்டுமில்லை, கேட்கிற பாடம் அத்தனையையும் சேர்த்து எழுத வேணும்.

தர்க்கம்:
‘படை’ என்று மொத்தமாகச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீங்க. சிப்பாய்க்குக் கேட்பது வேறு, அதிகாரிக்குக் கேட்பது வேறு. நேரே தியத்தலாவை இராணுவப் பயிற்சிக் கல்லூரிக்குப் போவதும் இரத்மலானை கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் படிக்கப் போவதும் ஒன்றில்லை. அங்கே மருத்துவம் என்றால் ஏ.எல்.லில் உயிரியல் பிரிவு வேணும், வர்த்தகத்தில் மூன்று ஏ இருந்தும் பிரயோசனமில்லை. விரிவுரையெல்லாம் ஆங்கிலம். ஓ.எல். ஆங்கிலத்தில் எஸ் (சாதாரண சித்தி) மட்டும் எடுத்த பிள்ளை முதல் தவணையிலேயே திணறும். இன்னொன்று, ஏ.எல். மூன்று சித்தி என்றால் பொது ஆங்கிலமும் பொது அறிவுப் பரீட்சையும் கணக்கில் வராது.

கொட்டாஞ்சேனை டீச்சர்:
பெறுபேறு சரியாக இருந்தும் பெயரில் மாட்டுகிற பிள்ளைகள் நம்மில் நிறைய. பிறப்புச் சான்றிதழ் தமிழில், அடையாள அட்டை வேறு எழுத்துக்கூட்டலில், பரீட்சைச் சான்றிதழ் இன்னொரு மாதிரி. சிவகுமாரை ஒன்றில் எஸ்.ஐ. போட்டு, இன்னொன்றில் எஸ்.எச்.ஐ. போட்டு எழுதியிருப்பார்கள். அப்பாவின் பெயர் ஒன்றில் முழுதாக, ஒன்றில் முதலெழுத்தாக. சான்றிதழில் விழுவது பரீட்சை விண்ணப்பத்தில் எழுதிய பெயர்தான். அதனால் விண்ணப்பம் நிரப்பும் நாளில் பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வையுங்கோ. அனுமதி அட்டை வந்த கையோடு எழுத்தெழுத்தாய்ப் பாருங்கோ. பிழை என்றால் பரீட்சைக்கு முன்னமே அதிபர் மூலம் திருத்தலாம். பிறகென்றால் பெலவத்தை பரீட்சைத் திணைக்களத்துக்கு அலைய வேணும், அதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி போய்விடும். தமிழ்ப் பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது அடையாள அட்டையிலுள்ள எழுத்துக்கூட்டலையே போடச் சொல்லுங்கோ, அவர் தன்பாட்டில் போட்டால் மூன்றாவதாக ஒரு பெயர் வந்துவிடும். ஒன்பது ஏ எடுத்தாலும் நிறக்குருடு இருந்தால் விமானி வேலை இல்லை என்பதையும் ஏ.எல். பிரிவு தெரிவு செய்ய முன்னமே யோசியுங்கோ. இஷிஹாரா புள்ளிப் படத்தைக் கண்ணாடிக் கடையிலேயே பார்த்துவிடலாம்.

காலிவீதி:
டீச்சர், பொடியனின் பெயரில் பிழையில்லை. எல்லாப் பாடத்தையும் திரும்ப எழுத இன்னொரு வருடம் போகும். வர்த்தமானியின் வயதெல்லை அதுவரை இடம் கொடுக்குமா என்றுதான் இப்போது பார்க்கிறார்கள்.