ஆத்தாவின் இடுப்பு வலிக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சை: விவரம் தேவை

குழுவிலுள்ள அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியில் இருக்கும் எங்கள் ஆத்தாவின் நெடுநாள் இடுப்பு வலிக்குக் கைரோபிராக்டிக் சிகிச்சை பார்க்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். 1895-இல் அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய இம்முறையில், முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சட்டென அழுத்திச் சரிசெய்கிறார்கள். இடுப்பு வலிக்கு ஓரளவு பலன் உண்டு என்றாலும், எலும்பு அடர்த்தி குறைந்த முதியவர்களுக்கு முறிவு ஏற்படக்கூடும் என்பதால், முதலில் எலும்பு மருத்துவரிடம் அடர்த்திப் பரிசோதனை செய்யவிருக்கிறோம். கழுத்தைத் திருப்ப மட்டும் (காணொளிகளில் பார்க்கவே பதறுகிறது) சம்மதிக்க மாட்டோம்.

அமெரிக்காவில் இத்தொழிலுக்குத் தனிப் பட்டமும் மாநில உரிமமும் கட்டாயம். அவ்வாறு முறையாகப் படித்தவர் மதுரையிலோ திருச்சியிலோ இருக்கிறாரா, அல்லது இந்த வயதில் பிசியோதெரபியே போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.