ஒரே நேரத்தில் நாலு டேபிள்: வேலூர்ப் பக்கம் போக்கர் ஆடியவர்களின் அனுபவம்

சத்துவாச்சாரிக்காரன்:

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் போக்கர் சீட்டாட்டம் இப்போது இங்கே சட்டப்படி இல்லை. 2025 ஆகஸ்டில் அதைத் தடை செய்து மத்திய அரசின் சட்டம் வந்தது, சில நாட்களில் டேபிள்கள் (ஆப்பில் ஆட்கள் சேர்ந்து ஆடும் மேசைகள்) நின்றுவிட்டன. அதனால் யாரையும் ஆடக் கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. ஒரே நேரத்தில் பல டேபிள் திறந்து ஆடியவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நடந்ததை ஒளிக்காமல் பேசுவோம். முதலில் நான்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெரு ஒன்றில் லாட்ஜ் ரிசப்ஷன், நைட் டூட்டி. பத்து மணிக்கு உட்கார்ந்தால் காலை ஆறு வரை. பன்னிரண்டுக்கு மேல் வருவது காட்பாடியில் லேட்டாக வண்டி இறங்கும் வங்காளக் குடும்பங்கள்தான். மற்ற நேரம் மின்விசிறிச் சத்தமும் நானும். 2023-ல் ஆரம்பித்தேன். கார்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பணம்தான் பிளைண்டு; ஸ்மால் பிளைண்டு ஒரு ரூபாய், பிக் பிளைண்டு இரண்டு ரூபாய். டேபிளுக்கு 200 ரூபாய் வைத்து உட்காருவேன்.

முதல் மூன்று மாதம் ரெண்டு டேபிள். பிறகு நாலு. கூட்டியதற்குக் காரணம் பேராசை இல்லை, சலிப்பு. ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் ஒழுங்காக ஆடுபவன் பத்து ஹேண்டில் (ஒருமுறை கார்டு போட்டு ஆடும் சுற்று) ஏழெட்டை ஆரம்பத்திலேயே ஃபோல்டு செய்துவிடுவான், அதாவது கார்டைப் போட்டுவிட்டு விலகிவிடுவான். மீதி நேரமெல்லாம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அந்த நேரம் வீணாகப் போகிறது, இன்னொரு டேபிளில் போட்டால் காசாகும் என்று கணக்குப் போட்டேன். தப்பான கணக்கு. ஆட்டத்தில் பாதி வேலையே அந்தப் பார்ப்பதுதான்.

ஆறு பேர் டேபிளில் மணிக்கு ஏறக்குறைய 75 ஹேண்டு ஓடும். நாலு டேபிளில் 300. பன்னிரண்டு நொடிக்கு ஒரு ஹேண்டு வந்து நிற்கும். அதற்குள் கார்டு பார்க்கணும், நான் பட்டனிலா (பெரும்பாலும் கடைசியாக ஆடும் இடம்) பிளைண்டிலா என்று பார்க்கணும், ரெய்ஸ் பண்ணினவன் (பந்தயத்தைக் கூட்டினவன்) யார், எவ்வளவு வைத்திருக்கிறான் என்று பார்க்கணும். கார்டைப் பார்க்க நேரம் கிடைக்கும். ஆளைப் பார்க்க நேரம் கிடைக்காது.

தினமும் நோட்டில் எழுதி வைப்பேன். ரெண்டு டேபிளில் 100 ஹேண்டுக்கு 8 பிக் பிளைண்டு, அதாவது 16 ரூபாய் லாபம். மணிக்கு 150 ஹேண்டு, 24 ரூபாய். நாலு டேபிளில் அது 100 ஹேண்டுக்கு 4 பிக் பிளைண்டாகக் குறைந்தது. மணிக்கு 300 ஹேண்டு, அதே 24 ரூபாய். ஆறு டேபிள் போட்டபோது 100 ஹேண்டுக்கு ஒன்றே ஒன்று, மணிக்கு 9 ரூபாய். கண் எரிச்சல் மட்டும் மூன்று மடங்கு. என் ஹேண்டு எண்ணிக்கை பெரியது இல்லை, இதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் நோட்டை விரித்துப் பார்த்த அந்த விடியற்காலை வயிற்றைப் பிசைந்தது.

நம் முறை வந்ததும் டேபிள் விண்டோ தானாக முன்னால் குதிக்கும் தொல்லை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நாலு விண்டோவையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தேன். ரெண்டாவது டேபிளில் குப்பைக் கார்டு, ஃபோல்டை அழுத்தப் போகிறேன், அந்த நொடியில் மூன்றாவது டேபிள் மேலே வந்தது. அழுத்திவிட்டேன். ஃபோல்டானது ரெண்டு ஏஸ். 221 ஹேண்டுக்கு ஒருமுறை வரவேண்டிய கார்டு. அன்றைக்கே நாலையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைக்கும்படி மாற்றிவிட்டேன்.

இதைவிடப் பெரிய அனுபவம் ஒருவரால் வந்தது. என் நாலு டேபிளில் மூன்றில் அவரும் இருந்தார். ஒன்றில் பெரிய பாட் (நடுவில் சேரும் பந்தயப் பணம்) ஓடும்போது மற்ற ரெண்டில் யோசிக்காமல் ஃபோல்டு பண்ணுவதைக் கவனித்தேன். அந்த நேரம் பார்த்து அங்கே அவருடைய பிளைண்டைக் குறிவைத்து நான் ரெய்ஸ் போட்டால் எதிர்ப்பே இல்லை. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகுதான் உறைத்தது: என்னையும் யாரோ இப்படித்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு இரவு மூன்றரை மணிக்கு ஒரு அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்தார். பிள்ளைக்கு மறுநாள் ஆபரேஷன். சுடுதண்ணீர் கேட்டார். மூன்று டேபிளில் ஒரே சமயம் டைம் பேங்க் (முடிவெடுக்கக் கொடுக்கும் கூடுதல் நேரம்) ஓடிக்கொண்டிருந்தது. தலை நிமிராமல் கையை மட்டும் காட்டி ‘இருங்க’ என்றேன். அவர் ஃபிளாஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது அழுதுகொண்டிருந்தார். அன்றைக்கு ஜெயித்த 140 ரூபாயை என்ன செய்தேன் என்று ஞாபகம் இல்லை. அந்த ஃபிளாஸ்க் சிவப்பு நிறம், மூடியில் விரிசல்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது என்று விதி வந்தது. எனக்கு அதோடு முடிந்தது.

காட்பாடி ஒத்த டேபிள்:

அண்ணே, நான் நீங்க சொன்ன எதிர்ப்பக்கம். காலேஜ் படிக்கும்போது ஆடினேன், எப்பவும் ஒரே ஒரு டேபிள். லாபியில் (டேபிள் பட்டியல் இருக்கிற பக்கம்) போய் எந்தப் பெயர் அஞ்சாறு டேபிளில் உட்கார்ந்திருக்கு என்று பார்த்து, அவருக்கு வலது கைப்பக்கம் இடம் தேடுவேன். அவருக்கு பிக் பிளைண்டு வரும்போது நான் பட்டனிலோ ஸ்மால் பிளைண்டிலோ இருப்பேன் இல்லையா, அங்கிருந்து ரெய்ஸ் போட்டு அந்தப் பிளைண்டை எடுக்கலாம், அதுக்காக.

பல டேபிள் ஆடுறவங்க முன்கூட்டியே ஃபோல்டில் டிக் போட்டு வைப்பாங்க. முறை வந்த அதே நொடியில் கார்டு பறக்கும். அப்படிப்பட்டவரிடம் சின்னச் சின்னதாக எடுத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா அவரே ரிவரில் (கடைசிப் பொதுக் கார்டு விழுந்த பிறகு) பெரிய ரெய்ஸ் போட்டா கேள்வியே இல்லாம விட்டுடணும், நிஜமா கையில் இருக்கும். பொய் ரெய்ஸ் போடுவதற்கு யோசனை வேணும், அவருக்கு நேரமில்லை.

ஒரு நாள் இப்படி ஒருத்தர் பிளைண்டை மணிக்கணக்கா எடுத்தேன். திடீர்னு அவர் மற்ற டேபிளையெல்லாம் மூடிட்டு இந்த ஒன்றில் மட்டும் உட்கார்ந்தார். அடுத்த நாற்பது நிமிஷத்தில் என்னோட ரெண்டு பை-இன் (டேபிளில் உட்கார வைக்கிற பணம்) போச்சு. அதே பெயர், அதே படம், ஆனா வேற ஆள் மாதிரி. எப்போ ரெய்ஸ் போடுவேன், எப்போ பின்வாங்குவேன் எல்லாம் தெரிஞ்சு ஆடினார். இவ்வளவு திறமை இருக்கிறவர் ஏன் தன்னை ஆறாகப் பிரிச்சுக்கிட்டார்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.

வரியையும் சேர்த்துக்கணும் அண்ணே. 2023 அக்டோபரிலிருந்து உள்ளே போடுற பணத்துக்கே 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்துச்சு; அது போக நிகர லாபத்தில் 30 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி), ஒவ்வொரு பாட்டிலும் ரேக் (ஆப் கம்பெனி எடுக்கிற கமிஷன்). உங்க 24 ரூபாய் நோட்டில் மட்டும்தான் 24.

குடியாத்தம் அக்கா:

எனக்கு ஆட்டம் தெரியாது. என் தம்பி ஆடினான். தறி ஓட்டுற வீடு எங்களது. போனில் நாலஞ்சு மேசை திறந்து வெச்சிருப்பான், ஒவ்வொன்றும் டிங் டிங்குனு அடிக்கும். சோறு போட்டு வெச்சா ஆறிப்போய் காஞ்சு கெடக்கும். ‘இன்னாடா, அக்கா பேசறது காதுல விழலையா’ன்னா ‘ம்’ம்பான், என்ன கேட்டேன்னு கேட்டா தெரியாது. தோத்தா இன்னும் ரெண்டு மேசை சேர்ப்பான், சீக்கிரம் எடுத்துடலாம்னு. இப்போ அந்த ஆட்டம் நின்னுபோச்சு. ஆனா கடன் ஆப்பில் எவ்வளவு வாங்கினான்னு இன்னும் முழுசா சொல்ல மாட்டேங்கறான். ராத்திரி தூங்காம ஏதோ வெளிநாட்டு ஆப் தேடுறான். நீங்க ரெண்டு பேரும் ஆடினவங்க, எப்படிப் பேசறதுன்னு சொல்லுங்க.

சத்துவாச்சாரிக்காரன்:

அக்கா, தோற்கும்போது டேபிள் சேர்ப்பதை நானும் செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் கை நடுங்கும், ஆனால் தெளிவாக யோசிப்பது போலவே இருக்கும். தம்பியைத் திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். ‘எவ்வளவு தோத்தே’ என்று கேட்க வேண்டாம், அவனுக்கே தெரியாது. ஜெயித்து எடுத்த நாள் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். பேங்க் ஸ்டேட்மெண்ட் வாங்கி மாதம் மாதமாக உள்ளே போனது ஒரு பக்கம், வெளியே வந்தது ஒரு பக்கம், அவன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். எனக்கு அப்படி எழுதியதுதான் உதவியது.

வெளிநாட்டு ஆப்பில் பணம் போட்டு, அது திரும்பி வராவிட்டால் இங்கே கேட்டு வாங்குவது ரொம்பக் கஷ்டம், அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். தூக்கம் கெட்டிருக்கிறது என்கிறீர்கள். 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நேரில் காட்ட வேண்டுமென்றால் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. கூட வர ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். டூட்டி முடிந்து ஏழு மணிக்கெல்லாம் பழைய பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.