100 வோல்ட் குழாய்களும் 8 ஓம் பெட்டிகளும்: ஒரே ஆம்ப்ளிஃபயரில் இணைக்கலாமா?

தேவிபட்டினம் கரை:
வணக்கம். தேவிபட்டினத்தை அடுத்த எங்கள் ஊரில் புயல் எச்சரிக்கை, கடலுக்குச் செல்லத் தடை, மீன் ஏலம் முதலிய அறிவிப்புகளுக்காகச் சங்கக் கட்டடத்தில் 250 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. அதன் பின்புறத்தில் காமன், 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று முனைகள் வரிசையாக உள்ளன. லைன் டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய 30 வாட் குழாய் ஸ்பீக்கர்கள் நான்கு, 100 வோல்ட் முனையில் ஓடுகின்றன; கடைசிக் குழாய் 60 மீட்டர் தள்ளி ஏலக்கூடத்தில் இருக்கிறது. இப்போது திருவிழாவுக்காக 8 ஓம், 150 வாட் பெட்டிகள் இரண்டு வந்துள்ளன. அவற்றையும் இதிலேயே கொடுத்தால் ஆம்ப்ளிஃபயருக்கோ பெட்டிகளுக்கோ சேதம் வருமா?

மைக்செட் பட்டறை, கீழக்கரை:
வணக்கம். முதலில் ஓர் எச்சரிக்கை: அந்தப் பெட்டிகளை எக்காரணம் கொண்டும் 100 வோல்ட் முனையில் நேரடியாக மாட்டிவிடாதீர்கள். 100-ஐ 100-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 1250 வாட் வருகிறது. ஒற்றைப் பெட்டியே அவ்வளவு கேட்கும்போது, 250 வாட் ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் பகுதியோ பெட்டியின் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளோ கருகுவதற்கு அதிக நேரம் ஆகாது. குழாய்கள் தாங்குவதற்குக் காரணம் அவற்றில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர்தான். 30 வாட் குழாய் ஒன்று லைனுக்கு ஏறத்தாழ 333 ஓம் சுமையாகத்தான் தெரியும்.

அப்படியானால் பெட்டிகளை 4 ஓம் முனையில் கொடுக்கலாமே என்று தோன்றும். இரண்டு 8 ஓம் பெட்டிகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் ஆகும் என்பது சரிதான். ஆனால் அந்த முனையில் 4 ஓம் சுமையை மாட்டிய உடனேயே ஆம்ப்ளிஃபயரின் 250 வாட்டும் அதற்கே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. குழாய்களின் 120 வாட்டையும் அதோடு சேர்த்தால் மொத்தம் 370; முனைகள் பல இருந்தாலும் உள்ளே இருக்கும் சக்தி ஒன்றுதான். அதே 4 ஓம் சுமையைத் தவறி 8 ஓம் முனையில் மாட்டினாலோ, இரு மடங்குச் சுமை ஏறி 500 வாட் கேட்கும். ஆகவே குழாய்கள் இருக்கிறபடியே இருக்கட்டும். பெட்டிகளுக்கு 4 ஓம் தாங்கும் தனி ஆம்ப்ளிஃபயர் வைப்பதே என் உறுதியான கருத்து.

ஒலிப்பணி, மண்டபம்:
மேலே சொன்னதை முழுமையாக வழிமொழிகிறேன். தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது பலரும் கவனிக்காத ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். சிறிய ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கெடுக்காது என்று நம்மூரில் பரவலாக நம்புகிறார்கள். திருவிழா மேடைகளில் ட்வீட்டர்கள் (பெட்டிக்குள் கீச்சொலிகளை மட்டும் எழுப்பும் சிறு ஸ்பீக்கர்கள்) எரிவதற்கு அந்த நம்பிக்கையே பெரிய காரணம். தன்னால் இயன்றதற்கு மேல் வால்யூம் ஏற்றப்பட்ட ஆம்ப்ளிஃபயர், ஒலி அலையின் உச்சியை வெட்டித் தட்டையாக்கி அனுப்புகிறது. முழுவதும் சதுரமாகிவிட்ட அலையில், அதே உச்சமுள்ள சீரான அலையைப் போல இரு மடங்குச் சக்தி இருக்கும்; அதோடு வெட்டுப்பட்டதால் புதிதாகப் பிறக்கும் உயர் அதிர்வெண்கள் எல்லாம் ட்வீட்டரின் மேல் போய் விழும். 150 வாட் பெட்டியில் ட்வீட்டர் தாங்குவதோ அதில் ஒரு சிறு பங்குதான். அலை வெட்டுப்படுவதைக் காட்டும் ஆம்ப்ளிஃபயரின் கிளிப் விளக்கு எப்போதாவது மின்னினால் பொறுக்கலாம், தொடர்ந்து எரிந்தால் உடனே குறைத்துவிட வேண்டும்.

பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும் 150 வாட் எந்தக் கணக்கு என்பதையும் பாருங்கள். ஆர்.எம்.எஸ். என்றால் தொடர்ந்து தாங்கும் அளவு, பீக் என்று போட்டிருந்தால் உண்மை அளவு பெரும்பாலும் அதில் கால் பங்குதான், விளம்பரத்துக்காகப் பெரிதாக்கிப் போடும் பி.எம்.பி.ஓ. என்ற எண்ணை நம்பி எதையும் வாங்க வேண்டாம். ஆர்.எம்.எஸ். அளவுக்குச் சமமாகவோ, வால்யூமில் கை வைப்பவர் நிதானமானவராக இருந்தால் அதைவிட ஒன்றரை மடங்காகவோ, பெட்டிக்குச் சேர வேண்டிய சக்தி அமையட்டும்.

தேவிபட்டினம் கரை:
இருவருக்கும் மிக்க நன்றி. பெட்டியில் 150 வாட் ஆர்.எம்.எஸ். என்றே உள்ளது. அவற்றையும் ஏலக்கூடத்தில்தான் வைக்க விரும்புகிறார்கள். ஆம்ப்ளிஃபயரைச் சங்கக் கட்டடத்தில் வைத்து, 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் இழுக்கலாமா?

மைக்செட் பட்டறை, கீழக்கரை:
இழுக்க வேண்டாம். போக 60, வர 60 என்று 120 மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1.45 ஓம் தடை உண்டு. 4 ஓம் சுமையில் கால் பங்கிற்கும் மேல் சக்தி கம்பியிலேயே வெப்பமாகப் போய்விடும். குழாய்களுக்கு இதே கம்பி போதுமானது, அங்கே இழப்பு இரண்டு விழுக்காட்டைக்கூடத் தொடாது. புதிய ஆம்ப்ளிஃபயரைப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே வைத்து, சங்கத்திலிருந்து பேலன்ஸ்டு மைக் கேபிள் (வழியில் இரைச்சல் ஏறாதபடி இரு கம்பிகளில் ஒலியைக் கொண்டுசெல்லும் கேபிள்) மட்டும் கொண்டுபோங்கள்.

நம் கரையில் இன்னொரு பகை உப்புக் காற்று. கம்பி நுனியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டி, இழைகளை முறுக்கி ஈயம் பூசி மாட்டுங்கள். பிரிந்த ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலே ஷார்ட்தான். மாட்டும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள்: நல்ல 8 ஓம் பெட்டி 6 முதல் 7 ஓம் வரை காட்டும், பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் மாட்டாதீர்கள். 100 வோல்ட் லைனை மட்டும் இப்படி அளந்து முடிவு செய்ய இயலாது, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் நேர்மின் தடை குறைவாகத்தான் காட்டும். அதற்கு, ஒலி அலைக்கு லைன் காட்டும் தடையை அளக்கும் இம்பீடன்ஸ் மீட்டர் வேண்டும். அந்த லைனில் கை வைப்பதற்கு முன் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுங்கள், பேச்சு போய்க்கொண்டிருக்கும்போது தொட்டால் அடிக்கும்.

தேவிபட்டினம் கரை:
அப்படியே செய்கிறோம். படகுத்துறைப் பக்கம் இன்னும் இரண்டு குழாய்கள் கேட்கிறார்கள். அதற்கு இடம் இருக்கிறதா?

ஒலிப்பணி, மண்டபம்:
இருக்கிறது. ஆறு குழாய்கள் 30 வாட் வீதம் 180 வாட். 250-இல் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினாலும் 200 வரை போகலாம். அதற்கு மேல் குழாய் கேட்டால், ஏலக்கூடத்துக் குழாயின் டிரான்ஸ்ஃபார்மரை 15 வாட் முனைக்கு மாற்றுங்கள். ஒலி 3 டெசிபல்தான் குறையும், பக்கத்தில் நிற்பவர்களுக்கு அது போதும்.