பொது வார்டில் பெண் நிற்கக் கூடாதா?

கேள்வி – தக்கலை வாசகி

கல்குளம் வட்டத்து ஊராட்சி ஒன்றில், 2019 டிசம்பர் தேர்தலில் பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட வார்டில் வென்று, 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடியும் வரை உறுப்பினராக இருந்தேன். அந்த வார்டு பொது வார்டாக மாறினாலும் அடுத்த தேர்தலில் மீண்டும் நிற்க விரும்புகிறேன். "பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்தாயிற்று, மிச்சத்தையும் கேட்டால் குடும்பம் எப்படி நிலைக்கும்?" என்று ஊர்க் கமிட்டிப் பெரியவர்கள் என் கணவரிடம் கேட்டிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டம் என்ன சொல்கிறது? இவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

மார்த்தாண்டத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்

தாராளமாக நிற்கலாம், சகோதரி. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் 'குறையாமல்' இடம் ஒதுக்கச் சொன்னது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. ஒதுக்கீடு என்பது குறைந்தபட்ச அளவே தவிர உச்சவரம்பு அன்று. பொது வார்டு ஆண்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதும் அன்று.

பெரியவர்களின் வாதம் நம் மண்ணுக்குப் புதிதில்லை. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீடித்த பிறகு, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று பிரகடனம் செய்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் அதிலேயே சேர்த்தது. மறுக்க முடியாமல் போன உரிமைக்கு எல்லை கட்டும் அதே மனப்பான்மைதான் இன்று "பாதி போதும்" என்கிறது. அந்தப் போராட்டத்தைப் பெருமையோடு நினைவுகூரும் மாவட்டத்தில் இதைக் கேட்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

குளச்சல் கடலோரத்தான்

ஆசிரியர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆயினும் வேறொன்றையும் பேச வேண்டும். ஊராட்சித் தலைவராக இருந்த என் உறவுக்காரப் பெண் ஒருவர், கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டிய காசோலைகளில் வாசிக்காமலே கையொப்பமிட்டு வந்தார். தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடே அங்கே பொருளற்றுப் போயிற்று. அதைப் பார்த்தும் நான் வாய் திறக்கவில்லை. அது என் தவறு. இத்தகைய நிகழ்வுகளைக் காட்டித்தான் ஒதுக்கீடே வீண் என்கிறார்கள். அதிகாரத்தைக் கைப்பற்றிய கணவரை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. அக்கா, கிராமசபையில் தீர்மானத்தை எழுதி முடித்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகே கையொப்பமிடுங்கள்.

தக்கலை வாசகி

இருவருக்கும் நன்றி. தீர்மானங்களை வாசிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறேன். "நேரமில்லை" என்ற பதிலோடு அமைதியாகிவிட்டேன், இனி ஆக மாட்டேன். என் கணவர் எனக்குத் துணையாகவே நிற்கிறார். என் தேர்தலைப் பற்றிப் பேச வேண்டுமானால் என்னிடமே பேசும்படி ஊர்க் கமிட்டிக்கு நேற்றுக் கடிதம் எழுதினேன். நான் மட்டுமே அதில் கையொப்பமிட்டேன்.