சட்டையில் கத்துக்குட்டியா, கற்றுக்குட்டியா?

குழு: ஆலமரத்து வீடு

கார்த்தி, காலை 10:12
அனைவருக்கும் வணக்கம். காணும் பொங்கல் கிரிக்கெட்டில் முதன்முறையாக மட்டை பிடிக்கும் 11 பேருக்கும் ‘கத்துக்குட்டிகள்’ என்று அச்சிட்ட பனியன் சொல்லியிருக்கிறேன். திருப்பூர்க்காரர் மாலை 5 மணிக்குள் எழுத்தை உறுதிசெய்யச் சொல்கிறார். இக்குழுவில் முழு வாக்கியத்தில்தான் எழுத வேண்டும் என்ற பெரியப்பாவின் சட்டத்தை மதித்தே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பெரியப்பா, 10:20
கத்துவது காக்கை. எழுத்தில் ‘கற்றுக்குட்டி’ என்றே வர வேண்டும்.

சித்தப்பா, 10:24
எனக்கு அந்தச் சொல்லே வேண்டாம். கிணற்று மோட்டார் எரிந்த நாளிலிருந்து அண்ணன் என்னை அப்படித்தான் அழைத்து வருகிறார்.

கோவில்பட்டி அத்தை, 10:25
மோட்டாரை எரித்தவன் நீதானே, தம்பி.

பெரியப்பா, 10:41
மோட்டார் இருக்கட்டும். நேற்று நேத்தாகவும், காற்று காத்தாகவும், கற்றாழை கத்தாழையாகவும் பேச்சில் மாறுவதைப் போலவே, கற்று என்பதும் கத்து என மாறியது. இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் இளையவன் என்பதே பொருள். குட்டி என்பது தொல்காப்பியம் மரபியலில் அடுக்கும் இளமைப் பெயர்களுள் ஒன்று. அங்கே அது கீரி, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கிற்கும் உரியதாகச் சொல்லப்படுகிறது. ஆகவே அச்சொல்லில் இழிவு எதுவும் இல்லை.

சித்தப்பா, 10:43
எலி என்று சொல்லிவிட்டு, இழிவு இல்லை என்கிறார்.

மலர், 11:05
பெரியப்பா, எனக்கு ஓர் ஐயம். ‘கற்று’ என்பது வினையெச்சம் என்றால், அதன் பின்னால் வினையோடு தொடர்புடைய சொல் வர வேண்டாமா? கற்றுச்சொல்லி என்பதில் சொல்லுதல் இருக்கிறது. குட்டியில் என்ன வினை இருக்கிறது? இரும்பும் பாதையும் சேர்ந்து இருப்புப்பாதை ஆவதைப் போல, கன்றும் குட்டியும் சேர்ந்து கற்றுக்குட்டி ஆகியிருக்கக் கூடாதா? கன்றை ஈன்ற பசுவைத் திருவாசகம் ‘கற்றா’ என்றுதானே சொல்கிறது?

கோவில்பட்டி அத்தை, 11:06
அண்ணன் வெகு நேரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.

பெரியப்பா, 11:31
அந்தப் பாடலை நன்றாகப் பார், மலர். கற்றாரை வேண்டேன் என்று சொன்ன அதே பாட்டில்தான் கற்றாவின் மனத்தைப் போலக் கசிந்துருக வேண்டும் என்று மாணிக்கவாசகர் கேட்கிறார்; நீ சொல்வதும் நான் சொல்வதும் நான்கு அடிகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆனால் தொல்காப்பியர் பசுவின் இளமைக்குக் கன்று என்ற பெயரைத்தான் கொடுத்தார், குட்டியை அன்று. கன்றோடு குட்டியைச் சேர்த்துச் சொல்வது பிற்கால வழக்கு.

மலர், 11:33
பிற்கால வழக்கு என்றால், இந்தச் சொல்லும் பிற்காலத்தில் பிறந்திருக்கலாமே? வினையெச்சத்திற்கு விடை வரவில்லை.

பெரியப்பா, 11:34
மாலையில் தருகிறேன்.

மதுரை மாமா, பகல் 1:15
பெயரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். நாளிதழ்கள் ஓயாமல் கத்துக்குட்டி அணி என்று எழுதிய ஆப்கானிஸ்தான், 2023 அக்டோபர் 23 அன்று சேப்பாக்கத்தில் 283 ரன் இலக்கை இரண்டே விக்கெட்டை இழந்து எட்டிப் பாகிஸ்தானை வீழ்த்தியதை அரங்கில் உட்கார்ந்து பார்த்தவன் நான். கத்துக்குட்டி என்ற பெயரிலேயே சட்டையை அடியுங்கள், எதிரணி அசந்திருக்கும்.

சித்தப்பா, 1:18
மாப்பிள்ளை சொல்வதால் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் என் பனியனில் வெறும் எண் மட்டும் இருக்கட்டும்.

கார்த்தி, மாலை 4:38
‘கத்து’ என்று ஆறு பேரும், ‘கற்று’ என்று நான்கு பேரும் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு எண் மட்டும்.

பெரியப்பா, 4:40
எழுத்துப்பிழையை வாக்கெடுப்பால் சரியாக்க முடியாது.

மலர், 4:41
‘கற்று’ என்று அச்சிட்டாலும் நம் ஊரில் ‘கத்து’ என்றுதான் வாசிப்பார்கள், பெரியப்பா. விடை இன்னும் வரவில்லை.

கார்த்தி, 4:52
சரி, பெரியப்பாவின் எழுத்தையே அனுப்பிவிட்டேன். இதோ திருப்பூர்க்காரர் அனுப்பிய மாதிரி: ‘கற்றுகுட்டிகள்’.

பெரியப்பா, 4:52
‘க்’ எங்கே?

கோவில்பட்டி அத்தை, 4:53
அண்ணன் முழு வாக்கியத்தில் கேட்க வேண்டும்.