அப்பத்தாவோட கட் கிளாஸ் கிண்ணம், எந்த நாட்டு சரக்கு இது?

வணக்கம், பழைய கண்ணாடி சாமான் பத்தி தெரிஞ்சவங்க யாராவது கொஞ்சம் உதவி பண்ணுங்க. காரைக்குடி பக்கம் எங்க பழைய வீட்டு சாமானெல்லாம் பாகம் பிரிச்சப்போ அப்பத்தா பீரோல இருந்த பெரிய கட் கிளாஸ் கிண்ணமும் மூடி போட்ட ஒயின் குடுவை ஒண்ணும் என் பங்குக்கு வந்துச்சு (பித்தளை அண்டாவுக்குத்தான் சண்டை, இதை யாரும் சீண்டல). ஐயாவோட அப்பா ரங்கூன்ல கடை வச்சிருந்தவரு, அங்கருந்து கப்பல்ல வந்ததுன்னு சொல்லுவாங்க, சித்தப்பா மட்டும் பெல்ஜியம்னு அடிச்சு சொல்றாரு, அவருக்கு நிலைக்கண்ணாடில இருந்து எல்லாமே பெல்ஜியம்தான்.

கிண்ணம் செம கனம், விரலால சுண்டினா மணி மாதிரி சத்தம் நின்னு கேக்குது, பட்டை விளிம்பெல்லாம் கைய கீறுற அளவு கூர்மை, அச்சுல வார்த்த கோடு எங்கயும் இல்ல, அதனால ஈயம் கலந்த கண்ணாடி, கையால வெட்டினதுன்னு நினைக்கிறேன். குடுவைய சுண்டினா டொக்குனுதான் இருக்கு, ஆனா மூடிலயும் கழுத்துலயும் ஒரே நம்பர் கீறியிருக்கு, 14. ஜோடி மாறாம இருக்க அப்படி போடுவாங்களாம்.

பேரோ முத்திரையோ கிடையாது. 1891ல இருந்து அமெரிக்கா போற சரக்குல நாட்டு பேரு போடணும்னு சட்டம், ஆனா பர்மாவுக்கு வந்ததுக்கு அது பொருந்தாதே, அப்போ பேரில்லைங்கறத வச்சு வயசு சொல்ல முடியாதுல்ல?

பொஹீமியாவா (இப்போ செக் நாட்டுல இருக்கற பகுதி) இங்கிலாந்தானு வெட்டுற டிசைன வச்சு சொல்லலாமா? கிண்ணத்தோட அடியில நட்சத்திரம் வெட்டியிருக்கு, சுத்தி தேய்மான கீறலும் நிறைய. அம்மா சபீனாவோட ரெடியா நிக்கிறாங்க, சீக்கிரம் சொல்லுங்கப்பா.